பழைய டிரக்கில் முதல் இன்ஜின் மாற்றம்: வேலை நின்றுபோகும் இடங்கள்

கருவிகள் கையில் இருந்தால், பழைய பிக்கப் டிரக்கிலிருந்து இன்ஜினைத் தூக்கி வெளியே வைக்க இரண்டு விடுமுறை நாட்கள் போதும். மாற்று இன்ஜினை இறக்கி மவுண்டில் உட்கார வைக்க இன்னும் இரண்டு நாள். ஆனாலும் பதினாறு, பதினேழு வயதில் ஆர்வத்தோடு தொடங்கும் இன்ஜின் மாற்றங்கள் பல, பானட் இல்லாத டிரக்காக மாதக்கணக்கில் நின்றுவிடுகின்றன. இன்ஜினும் டிரக்கும் சந்திக்கிற இடங்களில்தான் வேலை மாட்டிக்கொள்கிறது: கிராங்கின் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டின்) பின்முனை, ஸ்டார்ட்டர், ஆயில் பேன், பெட்ரோல் லைன், வயரிங், தண்ணீர் ஹோஸ். இவை ஒவ்வொன்றும் பொருந்துமா என்பதை இன்ஜினுக்குப் பணம் கொடுப்பதற்கு முன்பே தெரிந்துகொண்டால், முதல்முறை கை வைப்பவரும் முடித்துவிடலாம்.

அதனால் முதல் முடிவு எளிது. டிரக்கில் ஏற்கெனவே இருந்த அதே குடும்பத்து இன்ஜினையே தேடுங்கள். வேறு கம்பெனியின் நவீன இன்ஜினைக் கம்ப்யூட்டரோடு சேர்த்துப் பொருத்தும் காணொளிகள் கண்ணை இழுக்கும். அதற்கு மவுண்ட் வெல்டிங், வயரிங் ஹார்னஸ் மறுகட்டமைப்பு, உயர் அழுத்த பெட்ரோல் பம்ப், கார்டன் ஷாஃப்ட் (கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குப் போகும் தண்டு) நீளம் மாற்றுவது என்று நான்கு தனித்தனி வேலைகள் வேண்டும். இரண்டாவது டிரக்கில் அதைச் செய்யலாம்.

அதற்கும் முன்னால், இன்ஜினை மாற்றத்தான் வேண்டுமா என்று பாருங்கள். எல்லா ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, இக்னிஷனைத் துண்டித்து, த்ராட்டிலை முழுதாகத் திறந்து வைத்து, ஒவ்வொரு சிலிண்டரிலும் நான்கைந்து சுற்று ஸ்டார்ட்டர் அடித்து கம்ப்ரஷன் பாருங்கள். மிகக் குறைந்த சிலிண்டர், மிக உயர்ந்ததில் 75 சதவீதத்துக்குக் கீழே போகக்கூடாது. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர் மட்டும் குறைந்திருந்தால் பெரும்பாலும் ஹெட் கேஸ்கெட்தான் போயிருக்கும். அதற்கு இன்ஜினை இறக்கத் தேவையில்லை. அடியிலிருந்து கனமாகத் தட்டும் சத்தம், சூடானபின் ஆயில் பிரஷர் விழுவது, பல சிலிண்டர்களில் கம்ப்ரஷன் இல்லாதது, இவை இருந்தால் மாற்றுவது நியாயம்.

வாங்கப்போகும் இன்ஜினுக்கும் இதே சோதனைதான். அது இன்னும் வண்டியில் இருந்து ஓடிக்கொண்டிருந்தால் ஓட்டிக் கேட்டுவிட்டு வாங்குவது நல்லது. தரையில் கிடக்கும் இன்ஜின் என்றால் வால்வ் கவரைத் திறந்து பாருங்கள். கருப்புக் கசடு கட்டியாகப் படிந்திருந்தாலும், ஆயில் பால் கலந்ததுபோல் இருந்தாலும் விட்டுவிடுங்கள். கிராங்க் போல்டில் நீளக் கைப்பிடி போட்டு இரண்டு முழுச் சுற்று கையால் சுற்றிப் பார்க்காமல் எந்த இன்ஜினையும் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம்.

ஒரே குடும்பம் என்றால் எல்லாம் பொருந்துமா?

இங்கேதான் தொடக்கநிலையினர் அதிகம் ஏமாறுகிறார்கள். செவர்லேயின் ஸ்மால் பிளாக் வி8-ஐ எடுத்துக்கொள்வோம். 1955-இல் வந்தது, பழைய டிரக் மாற்றங்களில் மிக அதிகம் புழங்குவது. 305 கன அங்குல இன்ஜினை எடுத்துவிட்டு 350 போடுவது ‘அப்படியே போல்ட் போட்டால் முடிந்தது’ என்பார்கள். மவுண்டும் பெல் ஹவுசிங்கும் (கியர்பாக்ஸின் முன்புறம் இன்ஜினோடு சேரும் கூடு) பொருந்தும் என்பது உண்மை. ஆனால் எந்த ஆண்டு இன்ஜின் என்பதைக் கேட்காமல் அந்த வாக்கியத்தை நம்பக்கூடாது.

1985 வரை வந்தவற்றில் கிராங்கின் பின் ஆயில் சீல் இரண்டு துண்டு. 1986 முதல் ஒரே துண்டு. சீல் மாறியபோது கிராங்கின் பின்முனை ஃபிளேஞ்சும் மாறியது: பழையதில் போல்ட் வட்டம் 3.58 அங்குலம், புதியதில் 3.00 அங்குலம். பழைய ஃப்ளெக்ஸ்பிளேட் (கிராங்கின் பின்முனையில் மாட்டும் பல் தகடு) புதிய கிராங்கில் ஏறவே ஏறாது. அதோடு, ஒரே துண்டு சீல் உள்ள இன்ஜினின் சமநிலைக்கு ஃப்ளெக்ஸ்பிளேட்டிலேயே எடை இருக்க வேண்டும், பழைய 305, 350 இரண்டுக்கும் அது தேவையில்லை. 400 கன அங்குல இன்ஜினுக்கு முன்புற டாம்பரிலும் (கிராங்கின் முன்முனையில் அதிர்வைத் தணிக்கும் சக்கரம்) பின்புறமும் தனி எடை வேண்டும். தவறான பிளேட்டைப் போட்டால் டிரக் ஓடும், ஆனால் அதிர்ந்துகொண்டே ஓடி பேரிங்கைத் தின்றுவிடும்.

ஆயில் பேனும் அதேபோல. 1980-க்கு முந்தைய பிளாக்குகளில் டிப்ஸ்டிக் இடப்பக்கம், பிறகு வலப்பக்கம். இடம், வலம் எல்லாம் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து பார்க்கிற கணக்கு. பழைய பேனைப் புதிய பிளாக்கில் போட நினைத்தால் டிப்ஸ்டிக் பக்கமும் பின் சீல் வடிவமும் இரண்டும் ஒத்துப்போக வேண்டும். 1987 முதல் வந்த இரும்பு ஹெட்டுகளில் இன்டேக் மேனிஃபோல்டின் நடு போல்ட்டுகள் சாயும் கோணம் மாறியது. பழைய கார்பரேட்டர் மேனிஃபோல்டை வைத்துப் பார்த்தால் நடுவில் உள்ளவை மட்டும் துளையில் நேராக இறங்காது. வலுக்கட்டாயமாகத் திருகினால் ஹெட்டில் மரை போய்விடும்.

வாட்டர் பம்ப் இன்னொரு மறைவான பள்ளம். ஒற்றை அகல சர்ப்பன்டைன் பெல்ட் உள்ள பிற்கால இன்ஜின்கள் பலவற்றில் பம்ப் எதிர்த்திசையில் சுழலும். அந்த இன்ஜினில் உங்கள் பழைய வி-பெல்ட் புல்லிகளை மாட்டிவிட்டு பம்பை மட்டும் அப்படியே விட்டால், எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தெரியும், டிரக் மட்டும் ஓயாமல் சூடாகும். ரேடியேட்டரை மாற்றி, தெர்மோஸ்டாட்டை மாற்றிப் பார்த்தாலும் தீராது. பெல்ட் முறை எதுவோ அதற்கான பம்ப் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

மற்ற கம்பெனி டிரக்குகளிலும் இப்படித் தலைமுறை மாற்றங்கள் உண்டு. வாங்கும் முன் பிளாக்கில் வார்க்கப்பட்ட எண்ணைக் குறித்து, அது எந்த ஆண்டு, எந்த அளவு என்று சரிபார்த்துவிடுங்கள். சில இடங்களில் புகைச் சட்டம் இன்ஜினின் ஆண்டையும் பார்க்கும். உங்கள் பகுதி விதியையும் அப்போதே கேட்டுவிடலாம். பண விஷயத்தில் ஒன்று: இன்ஜின் விலையை மட்டும் வைத்துக் கணக்குப் போடாதீர்கள். கேஸ்கெட் செட், சீல்கள், மவுண்ட் ரப்பர், ஹோஸ், பெல்ட், பிளக், ஆயில், கூலன்ட், கருவி வாடகை எல்லாம் சேர்ந்தால் பெரிய தொகை. பாதியில் பணம் தீர்ந்த டிரக்குதான் மூலையில் நிற்கும்.

இறக்குவது

கழற்றுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் நட்டுகளில் துரு இளக்கும் எண்ணெயைத் தினமும் அடித்து வையுங்கள். முறிந்துபோன ஒரு ஸ்டட்டை எடுக்க ஒரு முழு நாள் போகும். பேட்டரியின் நெகட்டிவ் வயரை முதலில் கழற்றுங்கள். ஒவ்வொரு ஹோஸுக்கும் வயருக்கும் இரண்டு முனையிலும் டேப் ஒட்டி எழுதுங்கள், கழற்றும் முன் போட்டோ எடுங்கள். போல்ட்டுகளை எந்தப் பாகத்துடையது என்று எழுதிய தனித்தனிப் பைகளில் போடுங்கள். மாதம் கடந்தபின் நினைவு கைகொடுக்காது. பானட்டை இரண்டு பேராகத் தூக்க வேண்டும், கீல் இருந்த இடத்தைச் சுற்றி மார்க்கரால் கோடு போட்டுவிட்டுக் கழற்றினால் திரும்ப மாட்டும்போது இடைவெளி அலைக்கழிக்காது.

கூலன்ட்டை மூடியுள்ள பாத்திரத்தில் பிடியுங்கள். எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும், நாயும் பூனையும் நக்கும், அது நஞ்சு. ஏசி இருந்தால் குழாயைக் கழற்ற வேண்டாம். கம்ப்ரஸரை மட்டும் பிராக்கெட்டிலிருந்து எடுத்து, குழாயோடு ஓரமாகக் கட்டி வையுங்கள். கியர்பாக்ஸ் ஆயில் கூலர் குழாய்களுக்குச் சாதாரண ஸ்பேனர் போட்டால் நட்டின் முனை உருண்டுவிடும், ஃப்ளேர் நட் ஸ்பேனர் வாங்குங்கள்.

கியர்பாக்ஸ் டிரக்கிலேயே இருக்கட்டும். அதன் அடியில் மரப்பலகை வைத்து ஜாக்கி கொடுங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் அடி மூடியைக் கழற்றி, கிராங்கைச் சுற்றிச் சுற்றி, டார்க் கன்வெர்ட்டரை (இன்ஜினின் சுழற்சியை ஆயில் வழியாக கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) ஃப்ளெக்ஸ்பிளேட்டோடு பிடித்திருக்கும் போல்ட்டுகளை ஒவ்வொன்றாக எடுங்கள். கன்வெர்ட்டரை கியர்பாக்ஸ் பக்கம் தள்ளி வையுங்கள். இன்ஜின் விலகியதும் பெல் ஹவுசிங்கின் குறுக்கே ஒரு கம்பி கட்டிவிட்டால் அது நழுவி விழாது.

இரும்பு ஸ்மால் பிளாக் முழுப் பாகங்களோடு ஏறத்தாழ 260 கிலோ. இரண்டு டன் என்று எழுதிய ஹாய்ஸ்ட் கை முழுதாக நீட்டிய நிலையில் பொதுவாக அரை டன்தான் தாங்கும். கையில் உள்ள துளைகளின் பக்கத்திலேயே அளவு எழுதியிருக்கும், அதைப் படியுங்கள். செயினை ஒரு ஹெட்டின் முன்பக்கத்திலும் மற்ற ஹெட்டின் பின்பக்கத்திலும், குறுக்காக, கிரேடு 8 போல்ட்டால் கட்டுங்கள். போல்ட் அதன் விட்டத்தைப்போல் ஒன்றரை மடங்காவது மரைக்குள் இறங்கியிருக்க வேண்டும். செயின் கண்ணிக்கு அகலமான வாஷர் போடுங்கள். எடை ஏறியதும் ஒரு நிமிடம் நிறுத்தி, எங்காவது வயரோ எர்த் பட்டையோ விட்டுப்போயிருக்கிறதா பாருங்கள். முதலில் முன்னோக்கி ஏழெட்டு சென்டிமீட்டர் நகர்த்தி, பெல் ஹவுசிங் முழுதாக விலகியதும்தான் மேலே தூக்க வேண்டும். அசையவில்லை என்றால் ஏதோ ஒரு போல்ட் பாக்கி இருக்கிறது, நெம்புகோலை எடுக்காமல் தேடுங்கள்.

தொங்கும் இன்ஜினின் அடியில் கையோ காலோ போகக்கூடாது. பெல் ஹவுசிங்கின் இடைவெளிக்குள் விரல் நுழையக்கூடாது. டிரக்கை உயர்த்தினால் ஜாக் ஸ்டாண்டு, ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் போகக்கூடாது. தூக்குகிற நாளிலும் முதலில் ஸ்டார்ட் செய்கிற நாளிலும் இந்த வேலை தெரிந்த பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். இதில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

வெளியே இருக்கும்போது

இன்ஜின் கண்முன்னே நிற்கையில் பின் சீல், ஆயில் பேன் கேஸ்கெட், டைமிங் கவர் சீல், கோர் பிளக், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், கியர்பாக்ஸ் முன் சீல், மவுண்ட் ரப்பர் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். உள்ளே போனபிறகு பின் சீல் ஒழுகினால், கியர்பாக்ஸையோ ஆயில் பேனையோ மறுபடி இறக்க வேண்டும். இன்ஜின் ஸ்டாண்டில் இருக்கும்வரை ஃப்ளெக்ஸ்பிளேட்டை மாட்ட முடியாது, ஸ்டாண்டு பிடித்திருப்பது அந்தப் பின்புறத்தைத்தான். எனவே ஹாய்ஸ்டில் தொங்கும்போது, பக்கவாட்டில் நின்று மாட்டுங்கள். ஸ்மால் பிளாக்கில் அந்தப் போல்ட்டுகளுக்கு 60 அடி-பவுண்டு, அதாவது சுமார் 81 நியூட்டன் மீட்டர், மரையில் லாக் திரவத்தோடு.

ஃப்ளெக்ஸ்பிளேட்டின் பல் எண்ணிக்கையைப் பாருங்கள். 153 பல் உள்ளதற்கு ஸ்டார்ட்டரின் இரண்டு போல்ட்டும் நேர்க்கோட்டில் இருக்கும். 168 பல் என்றால் ஒன்று தள்ளிச் சாய்வாக இருக்கும். மாறிப்போனால் ஸ்டார்ட்டர் பல் தேயும், கீச்சென்று கத்தும். பல்லுக்கும் பினியனுக்கும் இடையே சாதாரண பேப்பர் கிளிப் கம்பி நுழையும் அளவு இடைவெளி இருந்தால் சரி, இல்லையென்றால் ஷிம் தகடு போட வேண்டும்.

உள்ளே இறக்குவது

ஆட்டோமேட்டிக் டிரக்கில் இந்த ஒரு கட்டம் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். கன்வெர்ட்டர் கியர்பாக்ஸுக்குள் முழுதாக உட்கார வேண்டும். அதைச் சுற்றிக்கொண்டே தள்ளினால் ‘டொக்’ என்று படிப்படியாக இறங்கும்: ஒன்று டர்பைன் ஷாஃப்ட், ஒன்று ஸ்டேட்டர், கடைசியாக ஆயில் பம்ப். இரண்டு டொக் கேட்டதும் முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். பம்பில் ஏறாத கன்வெர்ட்டர் சற்று வெளியே நிற்கும். அப்போது இன்ஜினை நெருக்கினால் பெல் ஹவுசிங்கும் பிளாக்கும் கடைசியில் ஒரு சிறு இடைவெளியோடு நின்றுவிடும். அந்த இடைவெளியைப் போல்ட் திருகி மூடினால், மூடும். கூடவே பம்ப் உடையும். பிறகு கியர்பாக்ஸையும் இறக்க வேண்டும்.

எனவே விதி இது. பிளாக்கின் இரண்டு டவல் பின்களும் (இடம் காட்டும் முளைகள்) துளையில் நுழைந்து, இரண்டு முகங்களும் கையால் தள்ளியே ஒட்டிக்கொள்ள வேண்டும். அதன்பிறகுதான் பெல் ஹவுசிங் போல்ட்டுகள், 35 அடி-பவுண்டு. எல்லாம் இறுகியபின் கன்வெர்ட்டர் கையால் தாராளமாகச் சுற்ற வேண்டும். அதற்கும் ஃப்ளெக்ஸ்பிளேட்டுக்கும் இடையே 3 முதல் 5 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அந்த அளவு முன்னே இழுத்து போல்ட் போடுங்கள். இடைவெளி இல்லை என்றால் கன்வெர்ட்டர் உட்காரவில்லை. நிறுத்திவிட்டு இன்ஜினை மறுபடி முன்னே விலக்குங்கள்.

மேனுவல் என்றால் கிளட்ச் டிஸ்க்கை அதற்கான அலைன்மென்ட் கருவியால் நடுவில் நிறுத்துங்கள், பைலட் புஷ் புதியது போடுங்கள். இன்ஜினின் எடை இன்புட் ஷாஃப்டில் தொங்கினால் டிஸ்க் வளைந்து, பிறகு கிளட்ச் விடுபடாது.

மவுண்ட் போல்ட் இரண்டும் நுழையும்வரை எதையும் இறுக்காதீர்கள். ஹாய்ஸ்டை எடுப்பதற்கு முன்பே ஃபேனுக்கும் ரேடியேட்டருக்கும், டிஸ்ட்ரிபியூட்டருக்கும் பின்சுவருக்கும் இடைவெளி பாருங்கள்.

வயரிங்கும் பெட்ரோலும்

எர்த் பட்டைகளை மறப்பதுதான் மிகச் சாதாரணமான தவறு. பேட்டரியிலிருந்து பிளாக்குக்கு ஒன்று, இன்ஜினிலிருந்து பாடிக்கு ஒன்று, சேசிஸுக்கு ஒன்று. பாடிக்கான பட்டை விட்டுப்போனால் கரன்ட் த்ராட்டில் கேபிள் வழியாக வழி தேடும், கேபிள் சூடாகி உருகும். முகப்பு விளக்கு மங்கும், மீட்டர்கள் தப்பு காட்டும். பெயின்ட் சுரண்டி, உலோகத்தில் உலோகம் படும்படி இறுக்குங்கள்.

பாயின்ட் செட் காலத்து டிரக்கில் காயிலுக்குப் போகும் வயரில் ரெசிஸ்டன்ஸ் இருக்கும். அங்கே எச்.ஈ.ஐ. (எலக்ட்ரானிக் இக்னிஷன்) டிஸ்ட்ரிபியூட்டர் மாட்டினால் முழு 12 வோல்ட் வேண்டும். பழைய வயரிலேயே விட்டால் ஸ்டார்ட் ஆகும், வேகத்தில் தடுமாறும். வெப்பம், ஆயில் பிரஷர் சென்டர்களை (அளவை மீட்டருக்கு அனுப்பும் சென்சார்கள்) பழைய இன்ஜினிலிருந்தே எடுத்து மாற்றுங்கள். டாஷ்போர்டு மீட்டர் அந்த சென்டருக்குப் பழகியது, வேறொன்றைப் போட்டால் அளவு பொய் சொல்லும்.

கார்பரேட்டருக்கு 5 முதல் 7 பி.எஸ்.ஐ. அழுத்தம் போதும். த்ராட்டில் பாடி இன்ஜெக்ஷன் டிரக்கின் மின்பம்ப் 9 முதல் 13 வரை தரும். அதை அப்படியே கார்பரேட்டரோடு இணைத்தால் மிதவை ஊசி தாங்காது, சூடான மேனிஃபோல்டின் மேல் பெட்ரோல் வழியும். ரெகுலேட்டர் போடுங்கள், அல்லது மெக்கானிக்கல் பம்ப் போடுங்கள். பிற்கால பிளாக்குகள் சிலவற்றில் அந்த பம்புக்கான இடம் குடையப்பட்டிருக்காது என்பதையும் வாங்கும்போதே பார்த்துவிடுங்கள்.

முதல் ஸ்டார்ட்

நெடுநாள் கிடந்த இன்ஜினை ஆயில் ஏற்றாமல் ஸ்டார்ட் செய்யக்கூடாது. டிஸ்ட்ரிபியூட்டரை எடுத்துவிட்டு, பிரைமிங் கருவியைப் போட்டு, வலுவான டிரில்லால் கடிகாரச் சுற்றில் சுழற்றுங்கள். ஆயில் பிடித்ததும் டிரில் திணறும், அதுதான் அடையாளம். இடையிடையே கிராங்கை அரைச் சுற்று நகர்த்துங்கள். எல்லா ராக்கரிலும் ஆயில் எட்டிப் பார்க்கும்வரை விடாதீர்கள்.

பிறகு முதல் சிலிண்டர், இடப்பக்கம் முன்னால் உள்ளது. பிளக் துளையில் விரலை வைத்துக் கிராங்கைச் சுற்றுங்கள். காற்று விரலைத் தள்ளினால் அது கம்ப்ரஷன் ஸ்ட்ரோக். டாம்பர் கோட்டை டைமிங் குறிக்குக் கொண்டுவந்து, ரோட்டர் முதல் பிளக் வயரைப் பார்க்கும்படி டிஸ்ட்ரிபியூட்டரை இறக்குங்கள். கடைசி சில மில்லிமீட்டர் இறங்காமல் நின்றால், கீழே ஆயில் பம்ப் கம்பியின் வெட்டு சேரவில்லை. நீள ஸ்க்ரூடிரைவரால் கம்பியைச் சற்றுத் திருப்பினால் தானாக உட்காரும். கிளாம்ப் போட்டு இறுக்கி இறக்கப் பார்க்காதீர்கள், கியர் உடையும். ஸ்மால் பிளாக்கின் தீப்பொறி வரிசை 1-8-4-3-6-5-7-2, கடிகாரச் சுற்றில். ஸ்டார்ட் ஆகாமல் கார்பரேட்டர் வழியாகத் தீ துப்பினால் டிஸ்ட்ரிபியூட்டர் 180 பாகை மாறியிருக்க அதிக வாய்ப்பு.

தீயணைப்பான் கைக்கு எட்டும் தூரத்தில், ஷெட் கதவு முழுதாகத் திறந்து, தளர்வான உடையும் நீண்ட முடியும் ஃபேனுக்கு எட்டாமல். ஸ்டார்ட்டரை ஒரே மூச்சில் பத்து விநாடிக்கு மேல் அடிக்க வேண்டாம். ஓடத் தொடங்கிய சில விநாடியில் ஆயில் பிரஷர் எழவில்லை என்றால் உடனே நிறுத்துங்கள்.

புதிய ஃப்ளாட் டேப்பெட் கேம் (தட்டையான அடியுள்ள லிஃப்டர்கள் உரசி ஓடும் வகை) போட்டிருந்தால் ஐடில் விடவே கூடாது: நேரே 2000 முதல் 2500 ஆர்.பி.எம்., 20 முதல் 30 நிமிடம், துத்தநாகச் சேர்மானம் உள்ள ஆயிலோடு. கேமுக்கு ஆயில் தெறித்துத்தான் போய்ச் சேர்கிறது, மெதுவாக ஓடும்போது அது போதாது, முனைகள் தேய்ந்துவிடும். தன் சொந்த லிஃப்டர்களோடு வந்த பழைய கேமுக்கு இது வேண்டாம், ஆனால் எந்த லிஃப்டரையும் இடம் மாற்றக்கூடாது.

சூடானதும் தெர்மோஸ்டாட் திறந்து ரேடியேட்டரில் மட்டம் இறங்கும். அடைபட்ட காற்று வெளியேறும்வரை கூலன்ட் சேர்த்துக்கொண்டே இருங்கள். டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்யூம் ஹோஸைக் கழற்றி அடைத்துவிட்டு, டைமிங் விளக்கால் டைமிங் வையுங்கள். ஆறியபிறகு எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு, இன்டேக், மவுண்ட் போல்ட்டுகளை மறுபடி டார்க் ரெஞ்சால் பாருங்கள்.

முதல் 500 கிலோமீட்டரில் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, கழற்றிய ஃபில்டரைக் குழாய் வெட்டும் கருவியால் திறந்து, மடிப்புக் காகிதத்தை வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். மாவுபோல மெல்லிய சாம்பல் நிறத் துகள் புதிதாகப் பழகும் இன்ஜினில் வரும். செம்பு நிறத் தகடுகள் தென்பட்டால் பேரிங் போகிறது. டிரக்கை அன்றைக்கே நிறுத்திவிட்டு ஆயில் பேனை இறக்குங்கள். அந்த நிலையில் பிடித்தால் பல சமயம் பேரிங் செட்டோடு முடியும், ஓட்டிக்கொண்டே இருந்தால் கிராங்கும் போகும்.